தளம் மாறி வரைந்ததை அழிக்காதீர்கள்

திருகோணமலையில் ஓடும் மீன்பிடிப் படகொன்றின் பக்கத் தோற்றத்தை சாலிட்வேர்க்ஸ் என்ற முப்பரிமாண வடிவமைப்பு மென்பொருளில் வரைகிறீர்கள். டாப் பிளேன் என்ற கிடைத்தளத்தில் தொடங்கிவிட்டால் படகு ஒருக்களித்துப் படுத்துவிடும். மறுபடி வரைவது வீண் வேலை. இடப்பக்கப் பட்டியலில் அந்த ஸ்கெட்சின் (கோட்டு வரைவின்) மேல் வலது கிளிக் செய்து ‘எடிட் ஸ்கெட்ச் பிளேன்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். (ஸ்கெட்ச், அதற்குத் தடிமன் தரும் எக்ஸ்ட்ரூடுக்குள் ஒளிந்திருந்தால் அம்புக்குறியை அழுத்தி விரியுங்கள்.) பெட்டியில் பழைய தளத்தின் பெயர் நிற்கும், அதற்குப் பதிலாக நிமிர்ந்த தளமான ஃபிரன்ட் பிளேனைச் சொடுக்கிப் பச்சைச் சரி அடையாளத்தை அழுத்தினால், அளவுகளோடு படகு எழுந்து நிற்கும். கோடுகளை வேறு பாகத்தின் விளிம்போடு பிணைத்திருந்தால்தான் தொல்லை. பிணைப்பு அறுந்து எச்சரிக்கைக் குறி வரக்கூடும். அறுந்த பிணைப்பை நீக்கிவிட்டு, கோடுகளை ஆதிப்புள்ளியான ஒரிஜினோடு பிணையுங்கள். ஆட்டோகேட் என்ற இன்னொரு வரைவு மென்பொருளில் இத்தனை சொகுசு இல்லை. 3டி ரொட்டேட் கட்டளையால் எக்ஸ் அச்சில் 90 பாகை திருப்ப வேண்டியதுதான்.