வகுப்பில் முத்திரைச் சொற்கள்: கல்லூரி ஆசிரியர்களுக்கு ஒரு செய்முறை

அரசியல் அறிவியல், வரலாறு, சமூகவியல், இதழியல் எடுப்பவர்கள் ‘பாசிசம்’, ‘தேசவிரோதி’, ‘நக்சல்’, ‘பயங்கரவாதி’ போன்ற, ஆள்மேல் முத்திரை குத்தும் சொற்களைத் தொடாமல் ஒரு பருவத்தை ஓட்ட முடியாது. தொடாமல் ஓட்டுவது நல்லதும் இல்லை. இந்தச் சொற்களை மாணவர்கள் எப்படியும் வாட்ஸ்அப்பில் கேட்டுவிட்டுத்தான் வருகிறார்கள்.

ஆசிரியர் வாயில் ஒரு முத்திரை இரண்டு வேலை செய்யும். ‘முசோலினி 1919இல் தொடங்கிய இயக்கம் பாசிசம் என்ற பெயரைத் தானே சூட்டிக்கொண்டது’ என்றால் அந்தச் சொல் பாடப்பொருள். ‘போன வாரம் வந்த அந்த உத்தரவு பாசிச உத்தரவு’ என்றால் அது கருவி, அதாவது உங்கள் தீர்ப்பு. மாணவரின் நோட்டில் இரண்டும் ஒரே மாதிரிதான் பதிவாகும். வகுப்பில் வரும் சண்டைகளில் பெரும்பாலானவை, முதலாவதிலிருந்து இரண்டாவதற்கு ஆசிரியர் தனக்கே தெரியாமல் நழுவும் இடத்தில்தான் தொடங்குகின்றன.

பாடத்துக்கு முன்: சொல்லுக்கு ஓர் அட்டை

பருவத்தில் வரப்போகும் சர்ச்சைச் சொற்களைப் பாடத்திட்டத்தைப் பார்த்து எழுதி வையுங்கள். ஒரு பாடத்தாளுக்குப் பத்துக்கு மேல் தேறாது. ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை போட்டு ஐந்து விவரம் குறியுங்கள்: யார் யாரைச் சொன்னது, எப்போதிலிருந்து, சட்டத்தில் வரையறை உண்டா, ஆய்வாளர்கள் வைக்கும் அளவுகோல் என்ன, சொல்லப்படுபவர் தன்னை எப்படி அழைத்துக்கொள்கிறார்.

‘தேசவிரோதி’யை எடுத்துக்கொள்வோம். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976இல் வந்த 42ஆவது திருத்தம் அரசமைப்பில் 31டி என்ற பிரிவைச் சேர்த்தது. தேசவிரோதச் செயல்கள் எவை என்று அது பட்டியலிட்டது. 1977இன் 43ஆவது திருத்தம் அதை நீக்கியது. எந்தச் சட்டத்திலும் இந்தச் சொல்லுக்கு வரையறை இல்லை என்று 2021 டிசம்பரில் உள்துறை அமைச்சகமே மக்களவையில் பதில் சொன்னது. இந்த மூன்று தகவலையும் பலகையில் எழுதினால் போதும். யாரையும் ஆதரிக்காமல், யாரையும் திட்டாமல் ஒரு நல்ல பாடம் நடந்துவிடும். ‘லவ் ஜிகாத்’துக்கும் இதே வழி உதவும். நடைமுறையிலுள்ள சட்டங்களில் அதற்கு வரையறை இல்லை என்ற பதில் 2020 பிப்ரவரியில் மக்களவையில் பதிவானது.

‘பயங்கரவாதி’ வேறு வகை. இங்கே சட்ட வரையறை உண்டு. 1967இன் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு பயங்கரவாதச் செயலை வரையறுக்கிறது. 2019இன் திருத்தத்துக்குப் பிறகு தனிநபரையும் அரசு அப்படிப் பட்டியலிடலாம். ஆனால் உலக நாடுகள் அனைத்தும் ஒப்புக்கொண்ட ஒரே வரையறை இல்லை. நெல்சன் மண்டேலாவின் பெயர் அமெரிக்காவின் கண்காணிப்புப் பட்டியலிலிருந்து 2008இல்தான் நீங்கியது. ஆகவே வகுப்பில் சொல்லும் வாக்கியத்துக்கு நாடும் ஆண்டும் இருக்க வேண்டும். விடுதலைப் புலிகளை அமெரிக்கா 1997இலும் ஐரோப்பிய ஒன்றியம் 2006இலும் பயங்கரவாத அமைப்பாகப் பட்டியலிட்டன. இந்தியா 1992இலேயே தடை செய்தது. இப்படிச் சொன்னால் எந்த மாணவரும் சரிபார்க்கலாம். தமிழ்நாட்டு வகுப்பில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து வந்த மாணவர் இருக்கக்கூடும் என்பதும் நினைவில் இருக்கட்டும். சொல்லை மாற்றத் தேவையில்லை, யாருடைய சொல் என்பதைத் தெளிவாக்கினால் போதும்.

ஐம்பது நிமிட வகுப்பு

ஒரு வகுப்புக்கு ஒரு சொல்தான். இரண்டு வைத்தால் இரண்டாவது பட்டிமன்றமாகிவிடும்.

முதல் பத்து நிமிடம் சொல்லின் வரலாறு. அடுத்த பதினைந்து நிமிடம் அளவுகோல், அதிலும் ஒன்றோடு நிறுத்தாதீர்கள். பாசிசம் என்றால் வரலாற்றாய்வாளர் ரோஜர் கிரிஃபின் மையக் கருத்தைப் பார்க்கிறார்: வீழ்ந்த தேசம் மறுபிறப்பு எடுக்கும் என்ற புராணத்தோடு கலந்த தீவிர தேசியவாதம். இன்னொரு வரலாற்றாய்வாளர் ராபர்ட் பாக்ஸ்டன் கருத்தைவிடச் செயலைப் பார்க்கிறார்: இயக்கம் எப்படி உருவாகிறது, பழைய மேல்தட்டோடு எப்படிக் கூட்டுச் சேர்ந்து ஆட்சியைப் பிடிக்கிறது, பிறகு என்ன செய்கிறது. இத்தாலிய எழுத்தாளர் உம்பெர்ட்டோ ஈக்கோ 1995இல் 14 கூறுகளைப் பட்டியலிட்டார். இந்த மூன்றாவதுதான் வகுப்பில் அதிகம் தவறாகப் பயன்படுவது. பட்டியலைப் பார்த்ததும் மாணவர்கள் ‘டிக்’ போட்டுக் கூட்டத் தொடங்குவார்கள். ஏழு வந்தால் பாதி பாசிசம் என்பார்கள். அது மதிப்பெண் தாள் இல்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடுத்த பதினைந்து நிமிடம், நான்கைந்து பேர் கொண்ட குழுக்கள். பொருத்திப் பார்க்க முதலில் கொடுக்க வேண்டியது உள்ளூர்க் கட்சியை அல்ல, ஜெனரல் ஃபிராங்கோ 1975 வரை ஆண்ட ஸ்பெயினை. ஆய்வாளர்களே அங்கே பிரிந்து நிற்கிறார்கள். அரசியல் அறிஞர் ஹுவான் லின்ஸ் 1964இல் அதை, வாழ்வு முழுவதையும் அரசின் பிடிக்குள் கொண்டுவரும் முழுமையாதிக்க ஆட்சியிலிருந்து (totalitarianism) வேறுபட்ட ‘எதேச்சாதிகார ஆட்சி’ என்று தனி வகையாக வைத்தார். வகுப்பில் யாருக்கும் ஃபிராங்கோ மீது பாசமோ பகையோ இருக்காது. அதனால் மாணவர்கள் அளவுகோலைப் பிடித்துப் பழகுவார்கள். பிறகு ‘நம்ம நாட்டுக்கு இது பொருந்துமா?’ என்று ஒருவர் கேட்பார், கேட்காமல் இருக்க மாட்டார். அப்போது தடுக்காதீர்கள். அதே அளவுகோல், அதே பலகை, பொருந்தும் சான்றுக்கு ஒரு பத்தி, பொருந்தாத சான்றுக்கு ஒரு பத்தி. இந்த இரண்டாவது பத்தியை மாணவர்கள் நிரப்பாமல் விட்டால் நீங்கள் நிரப்புங்கள்.

மீதிப் பத்து நிமிடத்துக்குப் பாக்ஸ்டனின் கதையே நல்ல முடிப்பு. டிரம்ப்பை அந்தச் சொல்லால் குறிக்க நெடுநாள் தயங்கியவர், 2021 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்ட பிறகு மனம் மாற்றிக்கொண்டதாக எழுதினார். எந்தச் சான்று வந்தால் உங்கள் கருத்து மாறும் என்று மாணவர்களை ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். அந்த ஒரு வரிதான் பலருக்கும் வராது.

சாதிப் பெயர்கள்

பழைய ஆவணத்தில் ‘ஹரிஜன்’ என்று இருந்தால் மேற்கோளாக அப்படியே படிக்கலாம்; ஆண்டைச் சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் சொந்த வாக்கியத்தில் வேண்டாம். அந்தச் சொல் இன்று இழிவாகவே பயன்படுகிறது என்று உச்ச நீதிமன்றம் 2017இல் குறிப்பிட்டது. சட்டம் பற்றிப் பேசும்போது ‘பட்டியல் சாதியினர்’, இயக்கங்களைப் பற்றிப் பேசும்போது அவை தமக்குச் சூட்டிய பெயர். ‘தலித்’ என்ற பெயரைப் பெருமையோடு ஏந்துபவர்களும் உண்டு, ஏற்க மறுப்பவர்களும் உண்டு. ஏழு உட்பிரிவுகளைத் தேவேந்திரகுல வேளாளர் என்று ஒரே பெயரில் கொண்டுவந்த 2021இன் சட்டத்துக்குப் பின்னால் இருந்த கோரிக்கையைப் படித்தால் இது விளங்கும். எல்லாவற்றையும்விட முக்கியம்: ‘நீ அந்தச் சமூகம்தானே, நீயே சொல்லு’ என்று எந்த மாணவரையும் எழுப்பக் கூடாது. நல்லெண்ணத்தில்தான் கேட்கிறார்கள், ஆனால் அதுவே ஒரு முத்திரை குத்தல்தான்.

‘சார், நீங்க என்ன நெனைக்கிறீங்க?’

வகுப்பு மேடையிலிருந்து அரசியல் பேசக் கூடாது, எதிர்த்துப் பேச முடியாத இடத்தில் மாணவர் உட்கார்ந்திருக்கிறார் என்பது 1917இல் ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வேபரின் வாதம். 1976இல் ஜெர்மனியின் பாய்டல்ஸ்பாக்கில் உருவான உடன்பாடு இன்னும் கைக்கு உதவும்: மாணவரை ஒரு கருத்துக்குள் அமுக்காதே, அறிவுலகிலும் அரசியலிலும் சர்ச்சையாக இருப்பதைச் சர்ச்சையாகவே காட்டு, தன் நலனைத் தானே ஆராயும் திறனை மாணவருக்குக் கொடு.

இதைப் பின்பற்றி, கருத்தைக் கடைசியில், கேட்டால் மட்டும், ‘இது என் கருத்து, தேர்வுக்குச் சம்பந்தமில்லை’ என்ற முன்னுரையோடு சொல்லலாம். சொல்லாமலும் விடலாம். கூடாதது ஒன்றுதான்: கருத்தே இல்லாதவர் போல நடிப்பது. மாணவர்கள் முகநூலைப் பார்க்கிறார்கள். அரசுக் கல்லூரியில் இருப்பவர்கள் 1973இன் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகளையும் ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

இரண்டு பக்கமும் காட்டுவது என்பதைச் செக்குமாடு போல எல்லாவற்றுக்கும் சுற்ற வேண்டியதில்லை. நாஜிகள் யூதர்களைக் கொன்றது இனப்படுகொலையா என்பதற்கு மறுபக்கம் கிடையாது. 1948 டிசம்பர் 9இல் ஏற்கப்பட்ட ஐ.நா. உடன்படிக்கையின் 2ஆம் பிரிவைக் கொடுத்து, ‘அழிக்கும் நோக்கம்’ எப்படி நிரூபிக்கப்படுகிறது, அரசியல் குழுக்கள் ஏன் அந்த வரையறைக்குள் வரவில்லை என்று கேட்பதுதான் கேள்வி.

கைபேசி

வகுப்பு பதிவாகிறது என்று வைத்துக்கொண்டே பேசுங்கள். பதிவு முப்பது நொடியாக வெட்டப்படும். அதனால் ‘யார் சொன்னது’ என்பது அடுத்த வாக்கியத்தில் வரக் கூடாது, அதே வாக்கியத்தில் வர வேண்டும். ‘அவர்கள் துரோகிகள். இப்படித்தான் அன்றைய அரசு சொன்னது’ என்பதை வெட்டினால் நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். ‘அன்றைய அரசு அவர்களைத் துரோகிகள் என்றது’ என்பதை வெட்ட இடமில்லை. ஸ்லைடிலும் மேற்கோளும் ஆளும் ஆண்டும் ஒரே திரையில் இருக்கட்டும். கிண்டல் வேண்டாம், தொனி எழுத்தில் ஏறாது.

மாணவர் ஒருவர் இன்னொருவரை ‘சங்கி’ என்றோ ‘அர்பன் நக்சல்’ என்றோ சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். கண்டிக்க ஒரு வாக்கியம் போதும்: ‘ஆளை விடு, அவர் சொன்னதில் எது தப்பு?’ இரண்டு சொல்லுக்கும் ஒரே வேகத்தில் நிறுத்த வேண்டும். ஒன்றுக்குச் சிரித்துவிட்டு மற்றதற்கு முறைத்தால் அதுவரை நடத்தியது எல்லாம் வீண்.

வினாத்தாள்

‘நகர்ப்புற நக்சல்களால் நாட்டுக்கு வரும் ஆபத்தை விளக்குக’, ‘இன்றைய பாசிச அரசின் இயல்புகளைக் கூறுக’ — இரண்டு கேள்வியிலும் பதில் கேள்விக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. மாற்றி எழுதினால்: ‘நீங்கள் விரும்பும் ஓர் ஆட்சியை எடுத்துக்கொண்டு, கிரிஃபின் அல்லது பாக்ஸ்டனின் அளவுகோலைப் பொருத்துக, பொருந்தாத இடங்களையும் காட்டுக.’

பத்து மதிப்பெண்ணுக்கு: அளவுகோலைச் சரியாகச் சொன்னால் 3, சான்றுக்கு 4, எதிர்ச்சான்றுக்கு 3. முடிவுக்கு மதிப்பெண் கிடையாது. இதை விடைக்குறிப்பிலேயே எழுதிவிடுங்கள். திருத்துவது பெரும்பாலும் வேறு கல்லூரி ஆசிரியர். அவருடைய கட்சி எது என்பது மாணவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.