பதில் வந்தும் ரிசீவ் ஆகாத யூடிபி சாக்கெட்

லினக்ஸில் ஓடும் ஒரு சின்ன யூடிபி (முன்கூட்டி இணைப்பு ஏற்படுத்தாமலே பாக்கெட் அனுப்பும் நெறிமுறை) கிளையன்ட். சாக்கெட் (நிரல் நெட்வொர்க்கோடு பேசும் வாயில்) திறந்ததும் கனெக்ட் அழைத்து சர்வர் முகவரியைப் பதிந்துவிடும். அதன்பின் வெறும் சென்ட், ரிசீவ்தான். புது சர்வருக்கு மாறியதிலிருந்து ரிசீவ் டைம்அவுட் ஆகிக்கொண்டே இருந்தது. வேறு பிழை எதுவும் இல்லை.

ஃபயர்வாலை நிறுத்தினேன், பஃபரைப் பெரிதாக்கினேன், டைம்அவுட்டை நீட்டினேன். பலனில்லை. நெட்வொர்க் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் டிசிபிடம்ப்பில் பார்த்தால் பதில் பாக்கெட் கிளையன்ட் வரை வந்து சேர்கிறது! கனெக்ட்டை எடுத்துவிட்டு ஒவ்வொரு முறையும் முகவரியோடு அனுப்பிப் பெறும் சென்ட்டூ, ரிசீவ்ஃப்ரம் வைத்தால் எல்லாம் ஓடுகிறது.

விடை அதே டிசிபிடம்ப்பில் இருந்தது. ஒவ்வொரு பதிலுக்கும் எங்கள் இயந்திரமே 'போர்ட் அன்ரீச்சபிள்' (அந்த போர்ட்டை அடைய முடியவில்லை) என்று ஐசிஎம்பி பிழைச்செய்தியைத் திருப்பி அனுப்பியது, சாக்கெட் திறந்திருக்கும்போதே. அப்புறம்தான் மூல முகவரியைக் கவனித்தேன். அனுப்பியது 10.0.0.5-க்கு, பதில் வந்தது 10.0.0.6-இலிருந்து. சர்வரின் ஒரே இன்டர்ஃபேஸில் இரண்டு முகவரிகள். அதன் சாக்கெட் 0.0.0.0-இல், அதாவது எல்லா முகவரிகளுக்கும் பொதுவாக, பைண்ட் ஆகியிருந்ததால், கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) முதன்மை முகவரியான 10.0.0.6-ஐப் போட்டு அனுப்பியிருக்கிறது. கனெக்ட் செய்த யூடிபி சாக்கெட்டோ, பதிந்த முகவரியும் போர்ட்டும் பொருந்தும் பாக்கெட்டை மட்டுமே ஏற்கும். பொருந்தாததற்கு, அந்த போர்ட்டில் யாருமே இல்லை என்பதுதான் கெர்னலின் பதில்.

கனெக்ட்டை நீக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. கண்டவர் அனுப்புவதெல்லாம் உள்ளே வரும். சர்வர் நின்றுபோனால் கிடைக்கும் ஈகன்ரெஃப்யூஸ்டு (இணைப்பு மறுக்கப்பட்டது) பிழையும் போய்விடும். அதனால் சர்வரில் பாக்கெட்டின் முகவரி விவரத்தைத் தரும் ஐபி_பிகேடிஇன்ஃபோ என்ற சாக்கெட் விருப்பத்தை இயக்கி, ரிசீவ்எம்எஸ்ஜி சொல்லும் சேருமிட முகவரியையே சென்ட்எம்எஸ்ஜியில் மூல முகவரியாகக் கொடுத்தோம். அதை ஐபிஐ_ஸ்பெக்_டிஎஸ்டி புலத்தில் வைக்க வேண்டும். பதில்கள் உடனே வரத் தொடங்கின. அப்பாடா!