ஊரில் கட்டம் போட்ட ஸ்டோல் வாங்கப் போகிறீர்களா?

டொரொன்டோவிலிருந்து முதல் முறை ஊருக்குப் போனபோது, கடை வாசலில் தொங்கிய கட்டம் போட்ட ஸ்டோல்கள், அதாவது கழுத்தில் சுற்றும் நீளத் துணிகள், ஆறு வாங்கினேன். விலை மிகக் குறைவு. தொட்டால் மொறுமொறுவென்று நல்ல கனமாக இருந்தன. ஐந்தை அலுவலகத் தோழிகளுக்குக் கொடுத்துவிட்டு, சிவப்பும் கறுப்பும் கலந்ததை நான் வைத்துக்கொண்டேன். அக்டோபர் மழையில் ஒரு நாள் நனைந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் வெளிர் நிறக் கோட்டின் கழுத்துப் பட்டி முழுக்க ரோஜா நிறம். துவைத்த பிறகு அந்த ஸ்டோல் கொசுவலை மாதிரி தொளதொளத்துப் போனது. மற்ற ஐந்துக்கும் என்ன ஆனது என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த பயணத்தில் ஈரோட்டில் இருக்கும் பெரியம்மாவிடம் அதைக் காட்டினேன். தறி வீட்டில் பிறந்து வளர்ந்தவர். துணியை வாங்கி விரல்களுக்கிடையே ஒரு முறை உருட்டிப் பார்த்தார். "நீ துணி வாங்கலை கண்ணு, கஞ்சி வாங்கியிருக்கே" என்றார். இங்கே எழுதியிருப்பதில் பாதி அவர் சொல்லிக் கொடுத்தது. மீதி, நாலைந்து பயணங்களில் நானாகத் தெரிந்துகொண்டது.

கட்டம் நூலில் இருக்கிறதா, மேலே அச்சடித்ததா

கட்டம் போட்ட துணியில் ஒரு வசதி உண்டு. அதைப் பார்த்தே அதன் பிறப்பைச் சொல்லிவிடலாம். நெய்த கட்டத்தில் முதலில் நூலுக்குச் சாயம் தோய்க்கிறார்கள். பிறகு எத்தனை இழை சிவப்பு, எத்தனை இழை வெள்ளை என்று எண்ணிப் பாவு போடுகிறார்கள். பாவு என்பது நீளவாக்கில் ஓடும் நூல், ஊடை குறுக்கே போவது. ஊடையிலும் அதே கணக்கில் நிறம் மாற்றி நெய்யும்போது கட்டம் பிறக்கிறது. ஆகவே சிவப்பு இழை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை சிவப்பாகவே போகும்.

குஞ்சம் தொடங்கும் இடத்தில் குறுக்கே ஓடும் கடைசி இழையை நகத்தால் கொஞ்சம் இழுத்துப் பாருங்கள். ஒரே இழையில் கொஞ்ச தூரம் சிவப்பு, கொஞ்ச தூரம் வெள்ளை என்று மாறினால் அது அச்சு. பின்பக்கம் வெளுத்திருந்தாலும் அச்சுதான். நெய்த துணியில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். சிவப்புப் பாவும் வெள்ளை ஊடையும் குறுக்கிடும் சதுரத்தில் இரண்டும் கலந்த இடைநிறம் தெரியும். அச்சடித்ததை வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நெய்த துணியின் விலையை அதற்குக் கொடுக்காதீர்கள்.

அடுத்தது கைத்தறியா, விசைத்தறியா என்பது. ஸ்டோலை நீளத்தில் பாதியாக மடித்து, குஞ்சத்தோடு குஞ்சம் சேர்த்து, கரை மேல் அதே கரை வருமாறு பிடியுங்கள். கைத்தறியில் கட்டங்கள் ஒன்றோடொன்று ஒரு நூல், இரண்டு நூல் அளவுக்கு விலகி நிற்கும். நெய்பவரின் கை எல்லா நேரமும் ஒரே வேகத்தில் அடிக்காது அல்லவா? கரையை ஒட்டிச் சின்னச் சின்ன ஊசித் துளைகளும் தெரியலாம். துணி சுருங்காமல் விரிந்து நிற்கத் தறியில் ஒரு குச்சியை முள் வைத்துப் பிடிப்பார்கள், அதன் தடம் அது. விசைத்தறியில் கட்டங்கள் அச்சு அசலாகப் பொருந்தும். கைத்தறி என்று சொல்லி அதற்கான விலை கேட்டால் கைத்தறி முத்திரையைத் தேடுங்கள். 2006-ல் மத்திய அரசு கொண்டுவந்தது அது. கதர் வேறு, கைத்தறி வேறு என்பதும் நினைவிருக்கட்டும். கதரில் நூலும் கையால் நூற்றது. கைத்தறியில் பெரும்பாலும் ஆலை நூல்தான், நெசவு மட்டும் கையால்.

நல்ல நூலில், நல்ல சாயத்தில் நெய்த விசைத்தறி ஸ்டோல் மட்டமான கைத்தறியைவிட நாள்பட உழைக்கும். இதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. ஆனால் கட்டங்கள் சதுரமாக இல்லாமல் கோணலாக இழுத்துக்கொண்டு போனால் எந்தத் தறியாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். துவைத்த பிறகு கோணல் கூடத்தான் செய்யும்.

கஞ்சியும் கனமும்

புதுத் துணியில் கஞ்சி இருப்பது தப்பில்லை. நெசவுக்கு முன் பாவு அறுந்து போகாமல் இருக்கக் கஞ்சி போட்டே ஆக வேண்டும். நெய்த பிறகு இளைத்த துணியைக் கொழுத்ததாகக் காட்ட மேலும் மேலும் போடுவதில்தான் வம்பு. துணியின் ஒரு மூலையை இரண்டு கைகளாலும் பிடித்துத் துணி துவைப்பது போலப் பத்து முறை கசக்குங்கள். வெள்ளைப் பொடி உதிர்ந்து அந்த இடம் மட்டும் தளர்ந்து போனால், துவைத்த பின் முழுத் துணியும் அப்படித்தான் ஆகும். கசக்கிய மூலையை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். இழைகள் நெருக்கமாக, சீராக நிற்க வேண்டும். கடை விளக்கில் அல்ல, வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பாருங்கள். யாரும் தடுக்க மாட்டார்கள். நிறத்தையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

நூலின் நம்பரைக் கேளுங்கள். 40-ஆம் நம்பர், 60-ஆம் நம்பர், 80-ஆம் நம்பர் என்பார்கள். ஒரு பவுண்டு நூலில் 840 கெஜம் கொண்ட சிட்டம் (நூல் சுருள்) எத்தனை என்பதுதான் இந்த எண். எண் கூடக்கூட நூல் மெல்லிசு. 20-ஆம் நம்பர் போர்வைக்கும் பைக்கும் சரி, கழுத்துக்குக் கரடு. கழுத்தில் சுற்றுவதற்கு 60, 80 இதமாக இருக்கும். கடைக்காரருக்கு நம்பர் தெரியாவிட்டால் உங்கள் சருமம் சொல்லும். உள்ளங்கையை நம்பாமல் காதுக்குக் கீழே, கழுத்தோரத்தில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள்.

பையில் ஒரு சின்னப் பயணத் தராசு இருந்தால் இன்னும் நல்லது. 70 செ.மீ. அகலம், 2 மீட்டர் நீளம் உள்ள பருத்தி ஸ்டோல் 140 கிராம் இருந்தால் சதுர மீட்டருக்கு 100 கிராம் என்று கணக்கு. இரண்டு சுற்றுச் சுற்றி, கோட்டுக்குள் செருகினாலும் உப்பாமல் இருக்கும். சதுர மீட்டருக்கு 80 கிராமுக்குக் கீழே போனால் அது வெயிலுக்கான துணி.

சாயம்

வெள்ளைக் கைக்குட்டையைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, ஸ்டோலின் அடர்ந்த நிறக் கட்டத்தின் மேல் அழுத்திப் பத்து முறை தேயுங்கள். லேசான சாயல் வந்தால் பரவாயில்லை, புதுத் துணியில் மிச்சச் சாயம் இருக்கும். கைக்குட்டையில் அந்த நிறமே ஏறிவிட்டால் வேண்டாம். சிவப்பு, கருநீலம், கறுப்பு மூன்றையும் தனித்தனியாகச் சோதியுங்கள். அதிலும் வெள்ளையும் அடர்நிறமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் கட்டம் என்றால் இரண்டு மடங்கு கவனம் தேவை. ஒரு முறை சாயம் இறங்கினால் வெள்ளைக் கட்டம் அழுக்காகிவிடும், கட்டத்தின் அழகே போய்விடும்.

சாயம் போவதையே பெருமையாக விற்ற கதை ஒன்று உண்டு. 1958-ல் அமெரிக்காவின் புரூக்ஸ் பிரதர்ஸ் என்ற உடை நிறுவனம், 'மெட்ராஸ்' என்றே பெயர் பெற்ற நம்மூர்க் கட்டத் துணியில் தைத்த உடைகளை விற்றது. குளிர்ந்த நீரில் தனியாகத் துவைக்க வேண்டும் என்று வாங்கியவர்களிடம் யாரும் சொல்லவில்லை. ஒரே துவைப்பில் நிறங்கள் ஒன்றோடொன்று ஓடிக் கலந்தன, வாங்கியவர்கள் கொதித்துப் போனார்கள். பிறகு அதையே சிறப்பாக்கி, 'நிச்சயம் சாயம் போகும்' என்று விளம்பரம் செய்தார்கள். அந்தக் காலத் துணியின் தாவரச் சாயம் கலந்து மங்குவதில் ஓர் அழகு இருந்திருக்கலாம். இன்று மலிவு ஸ்டோலில் இறங்குவது சரியாக அலசாத ரசாயனச் சாயம். 'இயற்கைச் சாயம்' என்று எழுதிய சீட்டோடு கண்ணைப் பறிக்கும் பச்சையும் ரோஸும் இருந்தால் சீட்டை நம்பாதீர்கள்.

கல் உப்புப் போட்டு ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். சாயம் ஏற்றும் தொட்டியில் உப்புக்கு வேலை உண்டு. சரியாக ஏறாத சாயத்தைப் பிறகு உப்பால் பிடித்து நிறுத்த முடியாது. முதல் இரண்டு மூன்று முறை குளிர்ந்த நீரில் தனியாக அலசுவதுதான் வழி.

குளிர் நாட்டுக்கு எது

பருத்தி ஸ்டோல் டொரொன்டோவின் ஜனவரிக் குளிரைத் தனியாகத் தாங்காது. நனைந்தால் காயவும் நேரமாகும். செப்டம்பர், அக்டோபரிலும், ஏப்ரல், மே மாதங்களிலும் அருமையாக இருக்கும். கடுங்குளிரில் கம்பளி மஃப்ளருக்கு உள்ளே சுற்றிக்கொண்டால் கம்பளி கழுத்தில் குத்தாது. நான் தினமும் அப்படித்தான் கட்டுகிறேன். அலுவலகத்துக்குச் சின்னக் கட்டம், இரண்டு மூன்று அடங்கிய நிறங்கள் எந்தக் கோட்டோடும் சேரும். பெரிய கட்டம் மடிப்பில் உடைந்து போகும், விரித்துத் தோளில் போட்டால்தான் எடுப்பு.

கதகதப்பாக இருக்கட்டும் என்று நடைபாதையில் 'நூறு சதவீதம் பஷ்மினா' சீட்டு ஒட்டிய கட்டச் சால்வையைச் சில நூறு ரூபாய்க்கு வாங்காதீர்கள். அசல் பஷ்மினா மலையாட்டு மென்ரோமக் கம்பளி, அந்த விலைக்கு வராது. பெரும்பாலும் அது அக்ரிலிக் அல்லது விஸ்கோஸ். சந்தேகம் இருந்தால் வீட்டுக்கு வந்து குஞ்சத்தில் ஓர் இழையை எடுத்துப் பாத்திரம் தேய்க்கும் தொட்டியின் மேல் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு எரிந்து, தொட்டால் பொடியும் சாம்பலாகும். விஸ்கோஸும் அப்படியே எரியும் என்பதால் அந்த இரண்டையும் இதில் பிரித்தறிய முடியாது. கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம். பாலியெஸ்டரும் அக்ரிலிக்கும் உருகிக் கெட்டியான மணியாக உறையும்.

எங்கே பார்ப்பது

சென்னையில் இறங்குபவர்கள் எழும்பூர் பாந்தியன் சாலையில் இருக்கும் கோ-ஆப்டெக்ஸ் தில்லையாடி வள்ளியம்மை மாளிகையில் தொடங்கலாம். 1935-ல் தொடங்கிய நெசவாளர் கூட்டுறவு அமைப்பு அது. தென்னாப்பிரிக்காவில் பிறந்து, காந்தியின் போராட்டத்தில் சிறை சென்று, 1914-ல் பதினாறு வயதில் இறந்துபோன புலம்பெயர் தமிழ்ப் பெண்ணின் பெயர் அந்தக் கடைக்கு இருப்பது எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டையை அடைக்கும். அங்கே துணிகளைத் தொட்டுப் பார்த்து விலையையும் தரத்தையும் மனதில் வாங்கிக்கொண்டால், பிறகு தி.நகரிலோ வேறு எங்கோ யாரும் உங்களை எளிதில் ஏமாற்ற முடியாது.

ஈரோடு போனால் கனி மார்க்கெட் ஜவுளிச் சந்தை திங்கள் இரவு தொடங்கிச் செவ்வாய் வரை நடக்கும். மொத்த வியாபாரம் என்பதால் நாலைந்தாகச் சேர்த்து எடுத்தால் பேரம் பேசலாம். பக்கத்தில் சென்னிமலை, போர்வைக்கும் துண்டுக்கும் பேர்போன ஊர். ஈரிழைத் துண்டு அங்கே வாங்குங்கள். இரண்டு இழை சேர்த்து நெய்வதால் துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகும். கரூர் வெளிநாட்டுக் கடைகளுக்கு மேசை விரிப்பும் சமையலறைத் துண்டும் அனுப்பும் ஊர். ஏற்றுமதியில் மிஞ்சிய கட்டத் துணி கிடைத்தால் விடாதீர்கள். காரைக்குடியின் கண்டாங்கிக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அரக்கும் மஞ்சளுமாகப் பெரிய கட்டம் பார்க்கக் கொள்ளை அழகு. ஆனால் கழுத்தில் சுற்றக் கனம் அதிகம், அதைப் பையாக வாங்குங்கள். இலங்கைக்குப் போகிறவர்கள் அம்பாறை மாவட்டத்து மருதமுனையை மறக்க வேண்டாம். அங்கத்தைய கைத்தறிச் சாரம் (நம்மூர்க் கைலி) பெயர் பெற்றது.

சாரம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். என் கணக்கில் இருப்பதிலேயே நல்ல மலிவு ஸ்டோல், மூட்டாத கைலிதான். குடியாத்தம், குறிஞ்சிப்பாடி கைலிகளில் இருக்கும் கட்டங்களின் வகை எந்த ஸ்டோல் கடையிலும் இல்லை. சுமார் 2 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம் இருக்கும். நீளவாக்கில் நடுவே வெட்டினால் இரண்டு ஸ்டோல். ஒரு பக்கம் கரை இருக்கும், வெட்டிய பக்கத்தைத் தெருமுனைத் தையல்காரரிடம் மெல்லிசாக மடித்து அடிக்கச் சொன்னால் போதும். கைலியைக் கழுத்தில் கட்டுவதா என்று கூச்சப்பட வேண்டியதில்லை. மெட்ராஸ் கட்டத் துணியைக் கரீபியத் தீவுகளான குவாதலூப், மார்தினிக், செயின்ட் லூசியாவில் பெண்கள் விழா நாட்களில் தலையில் கட்டுகிறார்கள். நைஜீரியாவின் கலபாரி மக்கள் அதற்கு 'இன்ஜிரி' என்று தங்கள் பெயரே வைத்து, பிறப்பிலும் இறப்பிலும் பயன்படுத்துகிறார்கள்.

பை, பர்ஸ், தலைப்பட்டை போன்ற சின்னப் பொருள்களில் துணியைவிடத் தையலே முக்கியம். பையை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். ஓரம் பிசிறாமல் ஓவர்லாக் அடித்திருக்க வேண்டும். கைப்பிடி சேரும் இடத்தில் சதுரம் போட்டுக் குறுக்கே இரண்டு தையல் இருந்தால் சுமை தாங்கும். ஒற்றைத் தையல் என்றால் லேப்டாப் வைக்காதீர்கள். ஜிப்பைப் பத்து முறை ஓட்டுங்கள். இணைப்பில் இரண்டு பக்கத்துக் கட்டங்களும் வரிசை சேர்ந்து நின்றால், தைத்தவர் அக்கறையோடு தைத்திருக்கிறார் என்று அர்த்தம். மற்றத் தையல்களும் அனேகமாக நன்றாகவே இருக்கும்.

வாங்கியவற்றை விமானம் ஏறும் வரை பெட்டியில் வைத்திருக்காதீர்கள். கிளம்புவதற்கு நாலைந்து நாள் முன்பே எல்லாவற்றையும் தனித்தனி வாளியில் அரை மணி நேரம் ஊறவைத்து அலசி, மொட்டை மாடியில் நிழலில் காயப் போடுங்கள். சாயம் போவது, சுருங்குவது எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். 5 சதவீதம் சுருங்கினால் 2 மீட்டரில் 10 செ.மீ. போய்விடும், ஆகவே வாங்கும்போதே நீளமாக எடுங்கள். கஞ்சி போன பிறகும் மனதுக்குப் பிடித்திருப்பதை மட்டும் பெட்டியில் வையுங்கள். சென்ற முறை எட்டில் இரண்டு தேறவில்லை. பெரியம்மா அவற்றைக் கிழித்து இட்லித் துணியாக்கலாமா என்று பார்த்தார். சாயம் போகிற துணி சோற்றுக்கு ஆகாது என்று, கடைசியில் ஜன்னல் துடைக்க எடுத்துக்கொண்டார்.