அப்பாவின் பீரோ: காகிதம் முதலில், சட்டை கடைசியில்

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் பல வீடுகளில் நடப்பது இதுதான். உறவுக்காரர்கள் கூடியிருப்பார்கள், வேலைக்கு ஆள் இருக்கும். "இதையெல்லாம் வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். சாயங்காலத்துக்குள் கட்டில், வேட்டி, சட்டை, செருப்பு, மூக்குக்கண்ணாடி எல்லாம் வீட்டை விட்டுப் போயிருக்கும். பீரோவில் உள்ள காகிதம் மட்டும் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். இது தலைகீழ். கெடு இருப்பது காகிதத்துக்குத்தான். சட்டைக்கு ஒரு கெடுவும் இல்லை. யாழ்ப்பாணத்து வீடுகளில் 31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்கோடு இதே அவசரம் வருகிறது.

எனவே முதல் மாதத்துக்கு ஒரே விதி: அப்பாவின் பொருள் எதுவும் வெளியே போகக் கூடாது. யாராவது நெருக்கினால் "அம்மா இன்னும் பார்க்கல" என்று சொல்லுங்கள். அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள். தானம் கொடுக்கும் குடை, செருப்பு, சொம்பு எல்லாம் பெரும்பாலும் புதிதாக வாங்கித் தருபவைதான். அப்பா பயன்படுத்தியதையே எடுத்துக் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

நோய்க்கால சாமான்களுக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது. வாடகைக்கு எடுத்த ஆக்சிஜன் சிலிண்டர், கட்டில், காற்று மெத்தை இருந்தால் உடனே திருப்பிக் கொடுங்கள். வாடகை நாள் கணக்கில் ஓடும், கட்டிய முன்பணமும் திரும்ப வர வேண்டும். ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மூடி, தூய்மைப் பணியாளரிடம் "உள்ளே ஊசி" என்று சொல்லித் தனியாகக் கொடுங்கள். மீந்த மாத்திரைகளை யாருக்காவது உதவும் என்று அலமாரியில் விட்டுவைக்காதீர்கள். அம்மாவுக்கும் சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ இருந்தால், அட்டையில் பெயரைப் பார்த்து அதையே போட்டுக்கொள்ளும் ஆபத்து உண்டு. மில்லிகிராம் வேறாக இருக்கும்.

காகிதம்

தேடுவது ஒரு நாள், பிரிப்பது இன்னொரு நாள். இரண்டையும் ஒன்றாகச் செய்தால், கையில் கிடைக்கும் முதல் கடிதத்தோடு உட்கார்ந்துவிடுவீர்கள். வேலை அங்கேயே நின்றுவிடும்.

தேட வேண்டிய இடங்கள்: பீரோ தட்டில் விரித்திருக்கும் செய்தித்தாளின் அடி, பழைய பஞ்சாங்கத்தின் உள், சாமி படத்தின் பின், மஞ்சள் பை, சட்டைப் பைகள், மழைக்கோட்டு, ஸ்கூட்டர் டிக்கி. இரும்பு பீரோவின் லாக்கர் இழுப்பறையை முழுக்க வெளியே எடுத்துவிட்டு, அதன் பின்னாலும் அடியிலும் கையை விட்டுப் பாருங்கள். பல பீரோக்களில் அங்கே ஒரு ரகசிய அறை வைத்திருப்பார்கள். வீட்டில் மற்றவர்களுக்கு அது தெரிந்திருக்காது. புத்தகங்களைத் தலைகீழாக உதறக் கூடாது, பழைய கட்டு விட்டுவிடும். கட்டைவிரலால் பக்கங்களை மெல்ல ஓட்டிப் பார்த்தாலே உள்ளே உள்ளது தட்டுப்படும்.

பணம் கிடைத்தால்: 2016இல் செல்லாததாக்கப்பட்ட 500, 1000 ரூபாய் நோட்டுகளை இனி மாற்ற முடியாது. நினைவுக்கு ஒன்றிரண்டு வைத்துக்கொள்ளலாம். ஆனால் 10க்கு மேல் வைத்திருப்பது 2017 சட்டப்படி குற்றம். 2000 ரூபாய் நோட்டு அப்படியல்ல. 2023இல் புழக்கத்திலிருந்து திரும்பப் பெற்றாலும், சென்னை உள்ளிட்ட ரிசர்வ் வங்கி அலுவலகங்களில் மாற்ற வழி வைத்திருந்தார்கள். தூக்கி எறியாமல் அங்கே விசாரியுங்கள்.

பிரிக்கும் நாளில் நான்கு பைகள் போதும்: கெடு உள்ளவை, சொத்து, அப்பாவின் கையெழுத்து, 'தெரியாது'. நான்காவது பை ரொம்ப முக்கியம். அது இல்லாவிட்டால் புரியாத காகிதமெல்லாம் குப்பைக்குப் போகும்.

கெடு உள்ளவற்றில் முதலாவது இறப்புப் பதிவு. 21 நாளுக்குள் பதிய வேண்டும். ஒரு வருடம் தாண்டிவிட்டால் உத்தரவு வாங்க அலைய வேண்டியிருக்கும். சான்றிதழ் வந்ததும் பெயர், தந்தை பெயர், முகவரி எழுத்துக்கூட்டு ஆதாரோடும் வங்கிப் புத்தகத்தோடும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒரு எழுத்து மாறினாலும் எல்லா இடத்திலும் திருப்பி அனுப்புவார்கள். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் மனுக் கொடுக்கலாம். அப்பா ஓய்வூதியம் வாங்கியவர் என்றால் கருவூலத்துக்கோ வங்கிக்கோ தாமதிக்காமல் தெரிவியுங்கள். இறந்த பின் வரவாகும் ஓய்வூதியத்தைத் திருப்பிப் பிடிப்பார்கள். அம்மாவின் குடும்ப ஓய்வூதியமும் அதுவரை தொடங்காது. ஏடிஎம் அட்டையும் ரகசிய எண்ணும் கையில் இருந்தாலும் பணம் எடுக்காதீர்கள். நாளைக்கு வாரிசுகளுக்குள் கேள்வி வந்தால் அதுதான் முதலில் வெளியே வரும்.

வண்டி இருந்தால் 30 நாளுக்குள் ஆர்டிஓ அலுவலகத்துக்கு எழுதித் தர வேண்டும். 3 மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் சொல்லுங்கள், விபத்து நடந்தால் அங்கேதான் சிக்கும். பான் அட்டையை வீசாதீர்கள். அப்பாவுக்கு வருமான வரி இருந்தால் கடைசிக் கணக்கை வாரிசு தாக்கல் செய்ய அது வேண்டும்.

அப்பா கடன் கொடுத்து எழுதி வாங்கிய புரோ நோட்டு கிடைத்தால் தொகைக்கு முன் தேதியைப் பாருங்கள். கேட்கும்போது தருவதாக எழுதிய நோட்டுக்கு எழுதிய நாளிலிருந்து 3 ஆண்டு ஆயுள். அந்தக் கெடுவுக்குள் கடன் வாங்கியவர் பணம் கட்டி, நோட்டின் பின்னால் வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக 3 ஆண்டு. அடகு ரசீதும் அதே போல, தவணை கடந்தால் நகை ஏலத்துக்குப் போகும். காகிதமாக இருக்கும் பழைய பங்குச் சான்றிதழ்களைச் செல்லாது என்று நினைக்க வேண்டாம். 2019 ஏப்ரலுக்குப் பின் அவற்றை அப்படியே விற்க முடியாதே தவிர, இறந்தவர் பெயரிலிருந்து வாரிசுக்கு மாற்ற வழி உண்டு. 10 ஆண்டாகத் தொடாத வங்கிக் கணக்கின் பணம் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். வாரிசு கேட்டால் அதுவும் திரும்பக் கிடைக்கும். அப்பாவுக்கு எங்கெங்கே கணக்கு இருந்தது என்று தெரியாதவர்கள் ரிசர்வ் வங்கியின் உத்கம் தளத்தில் தேடிப் பார்க்கலாம்.

தாய்ப் பத்திரம், கிரயப் பத்திரம், எல்ஐசி பாண்டு எதையும் லேமினேட் செய்யாதீர்கள். சூட்டில் பழைய மை பரவும், பின்னால் முத்திரையோ குறிப்போ போட வழியில்லாமல் போகும், பிரித்தால் தாளே கிழியும். திறந்து மூடும் கோப்புறையில் மடிக்காமல் வைத்தால் போதும்.

மொய் நோட்டைப் பலர் பழைய கணக்கு நோட்டு என்று எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். எந்த வீட்டு விசேஷத்தில் யார் எவ்வளவு செய்தார்கள் என்பது அதில்தான் இருக்கிறது. அப்பா வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்ய வேண்டியது இனி பிள்ளைகள். எல்லாப் பக்கத்தையும் படமெடுத்து எல்லோரும் வைத்துக்கொள்ளுங்கள். அசல், ஊர்ப் போக்குவரத்தைத் தொடரப்போகிறவரிடம் இருக்கட்டும்.

அப்பாவின் போனை ரீசெட் செய்யவோ எக்ஸ்சேஞ்சில் போடவோ கூடாது. வங்கி ஓடிபி எல்லாம் அந்த எண்ணுக்குத்தான் வரும். சில மாதம் பயன்படுத்தாமல் விட்டால் சிம் முடங்கலாம். வேலையெல்லாம் முடியும்வரை ரீசார்ஜ் செய்து வாருங்கள். வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் தொடாமல் கிடந்தால் நீக்கப்படும். உங்களுக்கு அவர் அனுப்பிய குரல் பதிவுகள் உங்கள் போனிலேயே இருக்கும். அந்த உரையாடலைத் திறந்து, மூன்று புள்ளியை அழுத்தி, 'எக்ஸ்போர்ட் சாட்'டில் மீடியாவோடு சேர்த்து எடுங்கள். நீண்ட உரையாடல் என்றால் பழையவை விடுபடும். முக்கியமான பதிவுகளைத் தனித்தனியாக மின்னஞ்சலுக்கு அனுப்பிவிடுவது உத்தமம்.

பொருள்களைப் பிரிப்பது

முதலில் அம்மா. எது வேண்டும் என்று கேட்காதீர்கள், "எது இங்கேயே இருக்கணும்" என்று கேளுங்கள். சாய்வு நாற்காலியும் கொடியில் தொங்கும் துண்டும் அதே இடத்தில் இருப்பதில்தான் அவருக்கு நிம்மதி என்றால், மற்றவர்களுக்கு அது உறுத்தினாலும் விட்டுவிடுங்கள்.

மோதிரம், செயின், கடுக்கன், வெள்ளி அரைஞாண் என்று தங்கம் வெள்ளி எது இருந்தாலும், எல்லோர் முன்னாலும் எடை போட்டு, கல் எடையைத் தனியாகக் குறித்து, தராசு எண் தெரியும்படி படமெடுத்துவிடுங்கள். உயில் இல்லாவிட்டால், அப்பாவின் தனிச் சொத்தில் அம்மா, மகன்கள், மகள்கள், உயிரோடிருந்தால் அப்பாவைப் பெற்ற பாட்டி ஆகிய எல்லோருக்கும் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி சம பங்கு. முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்குக் கணக்கு வேறு.

விலையில்லாப் பொருள்களில்தான் மனத்தாங்கல் வரும். எல்லாவற்றையும் பாயில் பரப்பி, வெளிநாட்டில் இருப்பவரை வீடியோ அழைப்பில் வைத்துக்கொண்டு, முறை போட்டு எடுங்கள். முதல் சுற்று மூத்தவரிலிருந்து இளையவர் வரை, அடுத்த சுற்று இளையவரிலிருந்து மூத்தவர் வரை. ஒரே திசையில் போனால் கடைசியில் இருப்பவருக்கு எப்போதும் மிச்சம்தான் கிடைக்கும்.

எதை வைத்துக்கொள்வது என்பதற்கு முன்னால் எவ்வளவு என்று முடிவு செய்யுங்கள். ஆளுக்கு ஒரு பூட்ஸ் டப்பா அளவுப் பெட்டி நியாயமான கணக்கு. விலை உயர்ந்ததைவிட, கை பட்டுத் தேய்ந்ததுதான் வருடங்கள் போனாலும் ஆறுதல் தரும்: பாக்குவெட்டி, ஷேவிங் பிரஷ், டார்ச், டிபன் பாக்ஸ், சாவிக்கொத்து.

வைத்துக்கொள்வதைக் காப்பாற்றுவது

சட்டை. அப்பாவின் வாசனை வேண்டும் என்றால் கடைசியாகப் போட்டிருந்த, துவைக்காத ஒரே ஒரு சட்டையை ஜிப் கவரில் காற்றை அழுத்தி எடுத்து மூடி, இன்னொரு கவரில் போடுங்கள். ஈரம் துளியும் இருக்கக் கூடாது, இரண்டே நாளில் பூஞ்சை வாடைதான் மிஞ்சும். திறக்கத் திறக்க வாசனை குறையும். அந்துருண்டை பக்கத்திலேயே வரக் கூடாது. வியர்வை பட்ட இடம் நாளடைவில் மஞ்சளாகும்; தெரிந்தே செய்யுங்கள். மற்ற சட்டைகளைத் துவைத்து, கஞ்சி போடாமல் வையுங்கள். கஞ்சிதான் பூச்சிக்கும் கரப்பானுக்கும் தீனி. பட்டு வேட்டி, ஜரிகை அங்கவஸ்திரத்தைப் பிளாஸ்டிக்கில் வைக்காமல் பழைய வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, 3 மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் ஜரிகை அந்தக் கோட்டில் அறுந்துபோகும்.

ஒரு சட்டையில் ஒரு தலையணை உறை வரும். பட்டன்களைப் போட்டபடியே முன்பக்கத்தை 17 அங்குலச் சதுரமாக, சட்டைப் பை உள்ளே வரும்படி வெட்டுங்கள். முதுகுத் துணியிலும் அதே அளவு. நல்ல பக்கங்களை உள்ளே வைத்து நான்கு புறமும் அரை அங்குலம் விட்டுத் தைத்து, பட்டனைக் கழற்றித் திருப்பினால் 16 அங்குல உறை. பட்டன் வரிசையே திறப்பு, ஜிப் வேண்டாம். துணி நைந்திருந்தால் உள்பக்கம் மெல்லிய கேன்வாஸ் ஒட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் தையலோரம் கிழியும். துவைத்து மெதுவாகிப்போன பருத்தி வேட்டி, பேரப்பிள்ளைக்குத் தூளி கட்ட நல்ல துணி. இறந்தவர் துணியைக் குழந்தைக்குப் பயன்படுத்தாத குடும்பங்களும் உண்டு, பெரியவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

கைக்கடிகாரம். எச்எம்டி ஜனதா போன்ற சாவி கொடுக்கும் கடிகாரம் பல காலம் கிடந்திருந்தால் உடனே சாவி கொடுக்காதீர்கள். உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கும், பல் தேயும். முதலில் சர்வீஸ். கடைக்காரரிடம் "டயலை மாத்தாதீங்க, பாலிஷ் போடாதீங்க" என்று சொல்லிக் கொடுங்கள்; அப்பா கையில் பட்ட கீறல்தான் உங்களுக்கு வேண்டியது. பிறகு தினமும் ஒரே நேரத்தில், இறுக்கம் தெரியும்வரை மட்டும் சாவி கொடுங்கள். பேட்டரி கடிகாரத்தைக் கட்டாமல் வைப்பதானால் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், கசிந்தால் எல்லாம் போச்சு.

மை பேனாவை வெந்நீரில் போடக் கூடாது. எபோனைட் உடல் பச்சையடித்துவிடும். கழற்றி, நிப் பகுதியை மட்டும் சாதாரணத் தண்ணீரில் ஊறவிட்டு, தெளியும்வரை தண்ணீரை மாற்றுங்கள். நிப்பை மாற்ற வேண்டாம், அது அப்பாவின் கைக்குத் தேய்ந்தது.

மாலை போடும் படத்தில் நகலைத்தான் வைக்க வேண்டும். பூவின் ஈரம் சட்டத்துக்குள் இறங்கி, படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். ஏற்கெனவே ஒட்டியிருந்தால் இழுக்காமல் கண்ணாடியோடு சேர்த்து ஸ்கேன் எடுங்கள். பசை ஆல்பத்திலிருந்து எடுக்க, பல் இடுக்கில் விடும் நூலைப் படத்தின் அடியில் விட்டு ரம்பம்போல் மெல்ல அசைத்தால் வந்துவிடும். சின்னப் படங்களை ஸ்கேன் எடுக்கும்போது நுணுக்க அளவு 600 டிபிஐ வையுங்கள்.

பழைய டேப் கேசட்டில் அப்பாவின் குரல் இருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே, ஓட விடுமுன் மேல் விளிம்பில் உள்ள சின்னத் தடுப்புகளை உடைத்துவிடுங்கள். தெரியாமல் ரெக்கார்டு பட்டனை அழுத்தினாலும் அழியாது. நாடாவில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் ஓட்டாதீர்கள், விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

ஓலைச்சுவடி கிடைத்தால் எண்ணெய் தடவிப் பார்ப்பது வேண்டாம். சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்திலோ தஞ்சை சரசுவதி மகாலிலோ கேளுங்கள். பழைய இதழ்கள், நூல்கள் என்றால் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், ஈழத்து நூல்கள், இறந்தவர் நினைவாக வெளியிடும் கல்வெட்டு மலர்கள் என்றால், அவற்றை மின்வடிவில் சேர்த்துவைக்கும் 'நூலகம்' நிறுவனம்.

பெட்டிக்குள் போகும் ஒவ்வொரு பொருளோடும் ஒரு சீட்டு வையுங்கள்: என்ன, எப்போது வாங்கியது, அப்பா எதற்குப் பயன்படுத்தினார். அம்மாவும் அத்தைகளும் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். பேரன் கையில் சீட்டில்லாத பாக்குவெட்டி வெறும் பழைய இரும்பு. முடிவெடுக்க முடியாதவை எப்படியும் மிஞ்சும். அவற்றைத் தனிப் பெட்டியில் போட்டுத் தேதி எழுதி, கரையான் ஏறாதபடி தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் ஒரு சாண் தள்ளி வையுங்கள். முதல் வருடத் தலைத்திதி கழிந்த பிறகு ஒருநாள் பிரித்துப் பாருங்கள். அப்போதும் முடியவில்லை என்றால், வேறு தேதி எழுதி மூடிவிடுங்கள்.