களவா மாதிரி மீன், நல்ல தண்ணீரில்

களவா மீனை வீட்டுத் தொட்டியில், உப்பில்லாத நல்ல தண்ணீரில் வளர்க்க ஆசையா? கடல் களவா அதில் பிழைக்காது, அந்த ஆசையை விட்டுவிடுங்கள். அதே பெரிய வாயும் புள்ளி உடம்பும் வேண்டுமென்றால் மத்திய அமெரிக்காவின் ஜாகுவார் சிக்லிட் என்ற நன்னீர் மீன் இருக்கிறது. கடையில் விரல் நீளம்தான் இருக்கும், பார்த்து ஏமாறாதீர்கள், தொட்டியிலேயே ஓரடிக்கு மேல் வளரும் என்பதால் ஒற்றை மீனுக்கே ஆறடி நீளம், இரண்டடி அகலத் தொட்டி வைப்பது நல்லது. வெப்பம் 25 முதல் 28 டிகிரி. கொஞ்சம் உப்பான போர் தண்ணீர் பிரச்சினையில்லை, குளோரின்தான் கூடாது. பெல்லட் (உருண்டைத் தீவனம்), உரித்த இறால் கொடுங்கள். உயிர் மீன் போட்டால் நோயும் சேர்ந்து வரும். கழிவு அதிகம், ஆகவே பெரிய ஃபில்டர், வாரம் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றம். அப்புறம், கூட கப்பி மாதிரி சின்ன மீன் விட்டீர்களா? அது தீனிதான். வளர்க்க முடியாமல் போனாலும் ஏரியில் மட்டும் விட்டுவிடாதீர்கள்.