சிங்கப்பூர் வெயில்ல பாரம்பரிய ரக கோஸ், விதையிலேர்ந்து

மொதல்லயே சொல்லிடுறேன், தேக்கா மார்க்கெட்ல வாங்குறோமே, கல்லு மாதிரி இறுகின கோஸ், அது எச்டிபி (அரசு அடுக்குமாடி வீடு) காரிடார்ல வரும்னு நம்பி இறங்காதீங்க. 15லேர்ந்து 20 டிகிரி இருந்தாத்தான் இலை உள்பக்கமா மடிஞ்சு நல்லா உருளும், நமக்கு ராத்திரிலயே 25 கிட்ட நிக்குது. மலேசியாவுல குளிரான கேமரன் மலையில ஏன் அப்படி விளையுதுன்னு இப்ப புரியும். இங்க லூசா, சின்னதா வரும், சில செடி உருளவே உருளாது, ஆனா இலையெல்லாம் பொரியலுக்கு அருமையா இருக்கும்.

ரகம் சீக்கிரம் விளைஞ்சு முடியுறதா இருக்கணும். எர்லி ஜெர்சி வேக்ஃபீல்ட் (தலை, அதாவது உருண்டு வர்ற கோஸ், கூம்பா வரும்), இல்லன்னா கோல்டன் ஏக்கர், இது இந்தியாவுலயும் ரொம்ப நாளா போடுறதுதான். பாக்கெட்ல எஃப்1னு இருந்தா அது ஹைப்ரிட், அதாவது ரெண்டு வகையை கலந்து உருவாக்கினது, பாரம்பரிய ரகம் இல்ல. வெயில் தாங்குறதுல சில ஹைப்ரிட்தான் கெட்டி, அத ஒத்துக்கணும், பழைய ரகம்தான் வேணும்னு அடம்பிடிக்கிறவங்களுக்குத்தான் இந்த பதிவு.

அக்டோபர்ல விதைங்க, அப்பத்தான் தலை கட்டுற நேரம் டிசம்பர் ஜனவரி மழைக்காலத்துல வந்து விழும். ஒரு சென்டிமீட்டர் ஆழம் போதும், நாலஞ்சு நாள்ல முளைச்சிடும், முளைச்ச அன்னைக்கே வெளிச்சத்துக்கு கொண்டு வந்துடுங்க, இல்லன்னா நூலா நீண்டுடும். அப்படி நீண்டுட்டாலும் தூக்கிப் போடாதீங்க, மாத்தி நடும்போது மொதல்ல வர்ற விதையிலை வரைக்கும் தண்டை மண்ணுல புதைச்சா சரியாயிடும். விதையிலைக்கு அப்புறம் நாலஞ்சு நிஜ இலை வந்ததும் 30 சென்டிமீட்டர் அகலத் தொட்டில ஒண்ணே ஒண்ணு நடுங்க, பாவம் பாத்து ரெண்டு வெச்சா ரெண்டும் உருப்படாது. காலை வெயில் படுற பக்கம் நல்லது, மதிய வெயிலுக்கு ஒரு நிழல் வலை கட்டுங்க, மண்ணு மேல காய்ஞ்ச இலை பரப்பி வேரை குளிர்ச்சியா வைங்க. ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா உரம் கொடுங்க, கோஸ் நல்லா தின்னும். மீன் அமிலம் (மீனையும் வெல்லத்தையும் ஊறவெச்சு எடுக்கிற உரம்) பிரமாதம்தான், ஆனா பக்கத்து வீட்டு ஆன்ட்டி மூக்கை யோசிச்சுக்கோங்க. காரிடார்ல 1.2 மீட்டர் வழி விட்டாகணும், தொட்டி அடியில தட்டு வெச்சு தண்ணி தேங்க விடாதீங்க, கொசு வந்துடும்.

உண்மையான எதிரி புழு. வைரமுதுகு அந்துப்பூச்சி இலைக்கு அடியில முட்டை போடும், சின்ன பச்சைப் புழு, விரலால தொட்டா துள்ளி நூல் விட்டு தொங்கும், இலைய சல்லடையாக்கிடும். நட்ட அன்னைக்கே கொசுவலைத் துணியால மூடி ஓரத்தை நல்லா செருகிடுங்க. அப்பவும் வந்தா Bt மருந்தை, அதாவது பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்ங்கிற புழுவைக் கொல்லுற பாக்டீரியாவை, சாயங்காலமா இலைக்கு அடியில அடிங்க, வெயில் பட்டா அது சீக்கிரம் வீரியம் போயிடும்.

தலையை அமுக்கிப் பாத்து கெட்டியா இருந்தா வெட்டிடுங்க, ஒரு பேய் மழை பெஞ்சா வெடிச்சிடும். வேரோட பிடுங்காம அடிக்கட்டைய விட்டா ஓரத்துல குட்டிக் குட்டியா துளிர் வரும், அதையும் சாப்பிடலாம்.

விதை எடுக்கிற ஆசைய மட்டும் விட்டுடுங்க. கோஸ் பூக்கணும்னா பல வாரம் 10 டிகிரிக்கு கீழ குளிர் வேணும், நம்ம ஊர்ல அது நடக்காது. மிச்ச விதைய காத்து புகாத டப்பால போட்டு ஃபிரிட்ஜ்ல வைங்க, நாலு வருஷம் வரைக்கும் முளைக்கும்.