செப்புப் படலத்தின் மின்தடை மாறினால் எதை முதலில் பார்ப்பது

மலேசியாவின் கூலிம் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து ஹைடெக் பார்க் தொழிற்பூங்கா வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: மின்தடை குறைந்தவுடன் 'படிகமணிகள் 111 திசைக்குத் திரும்பிவிட்டன' என்று ரிப்போர்ட் எழுதாதீர்கள். படிகமணி என்பது உலோகத்துக்குள் அணுக்கள் ஒரே போக்கில் அடுக்கியிருக்கும் சிறு துண்டு; 111, 200 என்பவை படிகத்தின் திசைகளைக் குறிக்கும் எண்கள். செம்பு, அலுமினியம் எல்லாம் கனசதுரப் படிகங்கள். மணி எப்படித் திரும்பியிருந்தாலும் அதன் உள்ளே மின்சாரம் ஒரே மாதிரிதான் ஓடும். திசை தன் வேலையைக் காட்டுவது மணியும் மணியும் முட்டும் எல்லையில்.

செம்பனை நிரை பிடித்து நடந்திருப்பீர்கள். அடுத்த பிளாக்கும் அதே போக்கில் நட்டிருந்தால் கால் நிற்காது. கோணலாக நட்டிருந்தால் எல்லையில் வழி தேடவேண்டும். எலக்ட்ரானும் பொதுவாகக் கோணம் பெரிதான எல்லையில்தான் அதிகம் சிதறும். ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம்போல் அமைந்த இரு பகுதிகளின் நடுவிலுள்ள இரட்டைப்படிக எல்லை மட்டும் வேறு: கோணம் பெரிதென்றாலும் அணுக்கள் கச்சிதமாகப் பொருந்துவதால் சிதறல் மிகக் குறைவு.

இனி அளவுக்கு வருவோம். நான்குமுனை புரோப்பில் (படலத்தின்மேல் நான்கு ஊசிகளை வரிசையாக வைத்து அளக்கும் கருவி) மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்து 4.532ஆல் பெருக்குங்கள். முனைகளின் இடைவெளியைவிட வேஃபர் (படலம் பூசிய சிலிக்கன் வட்டு) மிகப் பெரிதாக இருந்தால்தான் இந்த எண் பொருந்தும். வருவது தாள் மின்தடை, அதாவது படலத்தின் ஒரு சதுரத் துண்டின் தடை. 100 நானோமீட்டர் படலத்தில் அது 0.25 ஓம் என்றால், தடிமனோடு பெருக்கக் கிடைக்கும் தன்மின்தடை (பொருளுக்கு உரிய தடை) 2.5 மைக்ரோ ஓம்-சென்டிமீட்டர். கட்டிச் செம்புக்கு 20 டிகிரியில் இது சுமார் 1.7. தடிமனில் பத்து விழுக்காடு பிசகினால் விடையும் அதே அளவு பிசகும். அதனால் தடிமனைத் தனியாக அளந்தே தீரவேண்டும். அறை வெப்பநிலையில் எலக்ட்ரான் சிதறாமல் ஓடும் தூரம் சராசரியாக 40 நானோமீட்டர் அளவு. படலம் அந்த அளவுக்கு மெலிந்தால் மேற்பரப்பே தடையைக் கூட்டிவிடும்.

மின்முலாம் பூசிய செம்பா? பூசிய நேரத்தைக் குறித்து வையுங்கள். சூடே காட்டாமல் சும்மா வைத்தாலும் சில மணி நேரத்திலிருந்து சில நாள்களுக்குள் மணிகள் வளர்ந்து தடை தானாகவே இறங்கும்.

இதற்கெல்லாம் பிறகுதான் எக்ஸ்-ரே. படலத்தில் பட்டுச் சிதறும் கதிரின் வலிமையைக் கோணவாரியாக வரைந்தால், படிகத் திசைக்கு ஏற்ப முகடுகள் எழும். செம்புக் குழாய் எக்ஸ்-ரேயில் 111 முகடு 43.3 டிகிரியிலும் 200 முகடு 50.4 டிகிரியிலும் வரும். திசை ஒழுங்கில்லாத செம்புப் பொடியில் அவற்றின் உயரம் ஏறக்குறைய 100க்கு 46. உங்கள் படலத்தில் 200 முகடு அதைவிட நன்றாகச் சிறுத்திருந்தால் 111 அமைப்பு ஓங்கியிருக்கிறது.

பலரும் இங்கேயே நின்றுவிடுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். எல்லா மணியிலும் 111 மேல்நோக்கி இருந்தாலும், ஒவ்வொன்றும் அந்த அச்சைச் சுற்றி வேறுவேறு கோணத்தில் திரும்பியிருக்கலாம். அப்போது எல்லைக் கோணம் பெரிதாகவே இருக்கும். இந்த ஸ்கேன் அதைக் காட்டாது. எலக்ட்ரான் பின்சிதறல் வரைபடம் (எலக்ட்ரான் கற்றையை ஓடவிட்டு ஒவ்வொரு மணியின் திசையையும் அளக்கும் முறை) எடுத்தால் மணியின் அளவும் எல்லைக் கோணமும் சேர்ந்தே கிடைக்கும். தடிமனும் மணியளவும் ஒன்றாக உள்ள இரண்டு படலங்களை எடுத்து ஒப்பிடுங்கள். அப்போதும் தடையில் வித்தியாசம் இருந்தால், எல்லைக் கோணங்களைக் காரணமாகச் சொல்ல உங்களுக்கு ஆதாரம் உண்டு.

கோபால்ட், ருத்தேனியம் படலங்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அவை அறுகோணப் படிகங்கள். மணிக்குள்ளேயே திசைக்குத் திசை மின்தடை மாறும். அவற்றுக்குத் திசை வரைபடத்தை முதல் நாளே எடுத்துவிடுங்கள்.